திருத்தக் கருத்து

சாவு விழுந்த வீட்டில் முதலில் அணைவது டிவி. அடுப்பு அதற்குப் பிறகுதான். அறவாழியின் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அணைத்ததோடு விடாமல், அவர் மனைவி தில்லைக்கரசியின் சித்தப்பா ஏகாம்பரம் பிளக்கைப் பிடுங்கி, திரையின்மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி, முனைகளைப் பின்பக்கம் செருகிவிட்டு, தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். காரியம் முடியும் வரை இதை யாரும் தொடக் கூடாது என்று கூடத்துக்குப் பொதுவாக அறிவித்தார். பால்காரரிடம் சொல்லியாயிற்று. வாசலில் கோலம் போடும் அம்மாளை நிறுத்தியாயிற்று. அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியாயிற்று. அறவாழியின் நிழலுக்கு மட்டும் யாரும் துக்கச் செய்தி சொல்லவில்லை.

அதற்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தக் காலத்தில் தொடர்களுக்குப் பஞ்சமில்லை, பார்ப்பவர்களுக்குத்தான் பஞ்சம். தொடர்களை எழுதுவதும் நடிப்பதும் படம்பிடிப்பதும் எந்திரங்களே என்றான பிறகு, ஒருநாள் வெளியாவதைப் பார்த்து முடிக்க ஒரு வருடம் பிடிக்கும் என்ற நிலை. எனவே ‘நிலாத்திரை’ நிறுவனம் ஒரு விதி வைத்திருந்தது. வெளியான முதல் மணி நேரத்துக்குள் நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லாத தொடர் அழிக்கப்படும். இதனால் நல்ல வார்த்தை சொல்பவர்களுக்கு மவுசு வந்தது. அவர்களுக்குப் பட்டங்கள் வந்தன. ‘ரசிக மாமணி’ என்பது அவற்றில் உச்சம். அந்தப் பட்டம் உள்ளவரின் படத்தைச் சுற்றி ஒரு பொன்வளையம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதுபோல.

அறவாழி ஒரு ரசிக மாமணி. கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் மின்விசிறியை எந்த வேகத்தில் வைக்கலாம் என்றுகூட அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையையெல்லாம் நிலாத்திரையில் தீர்த்துக்கொண்டார். ‘மௌனத்தின் முதுகுத்தண்டைத் தடவிப் பார்க்கும் படைப்பு’ என்று எழுதுவார். ‘காலத்தின் கன்னத்தில் விழுந்த அறை’ என்று எழுதுவார். மாமியார் மருமகள் தொடருக்கும் அதையே எழுதுவார். பள்ளிக்கரணையில் அவர் குடியிருந்த அடுக்ககத்தின் தொடர் ரசிகர் குழுவில், அறவாழி சார் சொல்லாமல் ஒரு தொடரை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல மற்றவர்களுக்குத் தைரியம் வராது.

மூன்று வருடம் அவர் ஒழுங்காகத்தான் பார்த்தார். நிறுவனம் கொடுத்த கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பகுதியையும் விடாமல் பார்த்தார். எந்த இடத்தில் நாடி துள்ளுகிறது, எங்கே மூச்சு நிற்கிறது, எங்கே கண் வேறு பக்கம் போகிறது என்பதையெல்லாம் அந்தப் பட்டை குறித்துக்கொண்டே வந்தது. பிறகு ஒருநாள் செய்தி வந்தது: ‘மதிப்பிற்குரிய மாமணி! உங்கள் ரசனை எங்களுக்கு முழுமையாகப் பிடிபட்டுவிட்டது. இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். உங்கள் நிழல் பார்த்துக்கொள்ளும், உங்கள் பெயரில் கருத்தும் சொல்லும். சம்மதமா?’

அறவாழிக்கு முதலில் ரோஷம் வந்தது. நிழல் எழுதிய முதல் கருத்தைக் குறை கண்டுபிடிக்கவே படித்தார். ‘மனசாட்சியின் மாடிப்படியில் யாரோ ஏறும் ஓசை’ என்று எழுதியிருந்தது. இதை நானே யோசித்து வைத்திருந்தேனே என்று நினைத்தார். அதன்பின் நிழல் பார்த்தது, நிழல் எழுதியது, பாராட்டுகளுக்கு நன்றி சொல்வதை மட்டும் அவர் தன் கையால் செய்தார். மாலையில் கூடத்தில் டிவி ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அது ஓடியது. அதன் முன்னால் நன்மாறன் உட்கார்ந்திருந்தான்.

நன்மாறன் தில்லைக்கரசியின் தம்பி. தாய் செத்தபோது அவன் மூன்றாம் வகுப்பு. அக்காவோடு வந்தவன், அக்கா வீட்டிலேயே வளர்ந்து, படித்து, ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அறவாழி தம்பதிக்குக் குழந்தை இல்லை. இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால் தில்லைக்கரசி, “எட்டு வயசுப் புள்ளயாவே எனக்கு ஒண்ணு பொறந்துச்சே, தெரியாதா?” என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நீலாங்கரைக் கடலுக்குக் குளிக்கப் போனான். நண்பர்கள் கரைக்கு வந்தார்கள். அவன் மறுநாள் வந்தான், வேறொரு கரைக்கு.

*

பால் தெளித்துவிட்டு வந்த பிறகு ஏகாம்பரம் அறவாழியைப் பால்கனிக்கு அழைத்தார்.

“மாப்ளே, நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. டிவி பாத்தீங்களா?”

“என்ன மாமா பேசறீங்க? நீங்கதானே வேட்டி போத்தினீங்க?”

“போத்துனேன். போத்துனவனுக்கே தெரியாம பாத்திருக்கீங்க. இதோ பாருங்க.”

துக்க வீட்டில் டிவி பார்த்தவரைக் கண்டுபிடித்த ஏகாம்பரம், அதைத் துக்க வீட்டு மூலையில் காதில் குமிழைச் செருகிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்திருந்தார். ஆனால் போன் வேறு, டிவி வேறு. போனுக்கு வேட்டி போர்த்தும் சம்பிரதாயம் இன்னும் வரவில்லை.

அறவாழி வாங்கிப் பார்த்தார். பொன்வளையம் சுழல, நடுவில் அவர் முகம். கீழே ‘உப்பு வாசல்’ என்ற புதிய தொடருக்கு அவர் கருத்து.

‘மூன்றாம் பகுதியில் வரும் மூழ்கும் காட்சி கண்ணுக்கு விருந்து. முதலில் கை. பிறகு விரல்கள். பிறகு அதுவும் இல்லை. அந்த இல்லாமையில் ஒரு நிமிடம் கேமரா அசையாமல் நிற்கிறதே, அங்கே நான் எழுந்து நின்று கைதட்டினேன். கடல் இதற்கு முன் இத்தனை அழகாக ஒருவனை எடுத்துக்கொண்டதில்லை.’

வெளியான நேரத்தைப் பார்த்தார். அவர் மின்மயானத்தில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்த நேரம்.

“மாமா, இது நான் இல்ல. இது நிழல். நம்ம டிவி ஓடாட்டியும் அது கம்பெனியில இருந்தே பாத்துக்கும்.”

“நிழலோ வெயிலோ, பேரு உம்மது. தீட்டுல டிவி பாத்தா செத்தவனுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. அய்யரக் கேட்டு ஏதாவது பரிகாரம் பண்ணிடுவோம்.”

கூடத்தில் விஷயம் பரவியது. உறவினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தால் போதும் என்றது ஒரு கட்சி. போதாது, கோயிலுக்குப் பசும்பால் கொடுக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. என்ன எழுதியிருந்தது என்று யாரும் பேசவில்லை. தில்லைக்கரசி மட்டும் சித்தப்பாவின் கையிலிருந்து போனை வாங்கிப் படித்தாள். கீழிருந்து மேலாக ஒருமுறை தள்ளி, மறுபடியும் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அறவாழி பின்னாலேயே போனார்.

“தில்லை, அது நான் எழுதல.”

“தெரியும்.”

“எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது ஒரு எந்திரம்.”

“போன மாசம் ஒண்ணு படிச்சுக் காட்டுனீங்களே. ‘என் நடையப் பாத்தியாடீ’ன்னு கேட்டீங்களே. அது யாரு எழுதினது?”

கூடத்துக்குக் கேட்டுவிடும் என்று அறவாழி கதவைச் சாத்தினார்.

“அப்ப நல்லா இருந்தா நீங்க. கேவலமா இருந்தா நிழல்.”

“கோபத்துல பேசற.”

“நான் கோபப்படல. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். மூணு வருசம் உங்க கையப் புடிச்சுக்கிட்டே இருந்த சாமான் அது. உங்கள மாதிரியே நினைக்கும்னு பீத்திக்கிட்டீங்க. என் புள்ள முழுகறத நீங்க பாத்திருந்தா கைதட்டியிருப்பீங்களா?”

“பைத்தியமா நீ?”

“அத அவங்க சொல்லட்டும். இது இவரு கருத்து இல்லன்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் என்கிட்ட பேசாதீங்க. காரியம் முடிஞ்சு சித்தப்பா மதுராந்தகம் போறப்ப நானும் போறேன். அதுக்குள்ள சொல்லிட்டாங்கன்னா இருக்கேன்.”

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சோற்றைத் தட்டில் வைப்பாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். அறவாழி போனைத் திறந்தால் அடுக்ககக் குழுவில் கூப்பிய கைகளும் வெள்ளைப் பூக்களும் வரிசையாக நின்றன. ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு சார்’ என்று எழுதிய எச் பிளாக் சந்தானகோபாலனே அதற்கடுத்த வரியில், ‘உப்பு வாசல் பற்றிச் செம்மையாகச் சொன்னீர்கள் சார், அந்தக் காட்சிக்காகவே இன்று பார்க்கிறோம்’ என்றும் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நன்றி சொல்ல அறவாழியின் விரல் பழக்கதோஷத்தில் போய்ப் பாதியில் நின்றது.

*

காரியத்துக்கு முந்தைய நாள் காலை, அறவாழி பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த நிலாத்திரை அலுவலகத்துக்குப் போனார். கேட்காமலேயே தில்லைக்கரசி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பேருந்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

வரவேற்புக் கூடம் கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. சுவர் முழுக்கக் கருத்துகள் அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. ‘அபாரம்’, ‘அற்புதம்’, ‘ஆன்மாவின் அலறல்’. யாரும் நின்று படிக்கவில்லை. துடைப்பக்காரர் மட்டும் அந்த வெளிச்சத்தில் மூலையைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ரசிகர் நல அலுவலர் ஹேமவர்ஷினிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். எழுந்து நின்று வணங்கினாள்.

“சார், மாமணி சார்! நீங்களே நேர்ல வந்தது எங்க பாக்கியம். உங்க இழப்புக்கு நிறுவனத்தோட ஆழ்ந்த அனுதாபங்கள். தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம்மா. அந்தக் கருத்த எடுக்கணும். அது என்னோடது இல்லன்னு நீங்க பகிரங்கமா சொல்லணும்.”

“கண்டிப்பா சார். அதுக்கு ஒரு முறை இருக்கு. நேர்ப்பார்வைன்னு பேரு. அதே காட்சிய நீங்க பட்டையக் கட்டிக்கிட்டு பாக்கணும். உங்க உடம்பு என்ன சொல்லுதோ, அதையும் நிழல் சொன்னதையும் பொருத்திப் பாப்போம். ஒத்துப்போகலன்னா நிழல் தப்பு. நிறுவனமே மன்னிப்பு கேக்கும்.”

“அந்தக் காட்சியையா பாக்கணும்?”

“வேற வழி இல்ல சார். வாயால சொல்றது எதுவும் செல்லாது. வாயால சொல்றத நம்ப முடியலன்னுதானே பட்டையே வந்துச்சு.”

தில்லைக்கரசி வாசலருகே நாற்காலியில் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். “பாத்துட்டு வாங்க” என்றாள். பால் தெளித்த நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

*

சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி. மணிக்கட்டில் பட்டை, நெற்றியில் இன்னொன்று. ஹேமவர்ஷினி விளக்கைத் தணித்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள்.

அறவாழி தயாராகத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் நன்மாறனின் முகத்தை நினைத்துக்கொண்டே வந்தார். சவக்கிடங்கில் துணியை விலக்கிக் காட்டியபோது தெரிந்த முகத்தையும் நினைத்தார். தொண்டை அடைத்தது. அடைத்தது நல்லதுக்குத்தான் என்று அதைக் கலைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் கடல் வந்தது.

கொண்டுவந்த துக்கம் கலையாமல் அப்படியே இருந்தது. சரி, இது போதும், பட்டைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார். ஒரு பையன் சிரித்துக்கொண்டே அலைக்குள் ஓடினான். மாறன் மாதிரி இல்லை, கொஞ்சம் உயரம். முதுகில் வெயில். அலை ஒன்று அவனைத் தூக்கி இறக்கியது. இரண்டாவது அலை தூக்கியது, இறக்கவில்லை. கேமரா தண்ணீருக்குள் போனது. பச்சை. மேலே வெளிச்சம் உடைந்து உடைந்து மிதந்தது. சத்தம் எல்லாம் ஒரே வெட்டில் நின்று, பையனின் இதயத் துடிப்பு மட்டும் கேட்டது.

அறவாழி மாறனை நினைக்க முயன்றார். மாறா, மாறா என்று உள்ளுக்குள் கூப்பிட்டார். ஆனால் மாறன் மூழ்கியதை அவர் பார்த்ததில்லை. பார்த்தது இதைத்தான். கூப்பிடக் கூப்பிட மாறனின் முகம் அந்தப் பையனின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மாறன் திரையில் மூழ்கினான். கை மேலே வந்தது. பிறகு விரல்கள். பிறகு அதுவும் இல்லை. ஆளில்லாத தண்ணீர்மேல் கேமரா அசையாமல் நின்றது.

அறவாழிக்குக் கண்ணீர் கொட்டியது. கொட்டும்போதே, யாரும் கூப்பிடாமல், அழகாக உடுத்திக்கொண்டு ஒரு வாக்கியம் அவர் மனத்தில் வந்து உட்கார்ந்தது: இசையை இங்கே நிறுத்தினானே, அதுதான் மேதைமை.

வேண்டாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாக்கியம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

விளக்கு எரிந்தது. ஹேமவர்ஷினி கைக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துடுவீங்க இல்லம்மா?”

“இல்ல சார். ஒத்துப்போகுது.”

“எப்படி? நான் அழுதேனேம்மா! நீயே பாத்தியே.”

“அழுதீங்க சார். நிழலும் அதே இடத்துலதான் அழுதிருக்கு.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “துக்கத்துல அழறப்ப மூச்சு உள்ள போய் மாட்டிக்கும் சார். உங்களுக்கு மூச்சு சீராத்தான் இருந்துச்சு. இது நல்ல காட்சியப் பாத்து வர்ற அழுகை. உங்க பழைய அழுகை எல்லாம் எங்ககிட்ட இருக்கே. பொருத்திப் பாத்துட்டேன்.”

“அவன் என் புள்ள மாதிரிம்மா.”

“நான் மறுக்கலையே சார். கருத்த மட்டும்தான் சொல்றேன்.”

அறவாழி பட்டையை அவிழ்க்கத் தெரியாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளே வந்து அவிழ்த்துவிட்டாள்.

“மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க சார். இந்த நாற்காலியில உக்காந்தவங்க எல்லாருக்கும் ஒத்துத்தான் போயிருக்கு. ஒரே ஒரு அம்மாவுக்குத்தான் போகல.”

“அவங்க என்ன பண்ணாங்க?”

“காட்சி ஆரம்பிச்சதுமே பட்டையப் பிடுங்கி எறிஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எந்திரிச்சுப் போறவங்களுக்கு ஒத்துப்போகாதுன்னு அப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது.”

எழுந்து போகலாம் என்பது அறவாழிக்குத் தோன்றவே இல்லை. கடைசி வரை பார்த்தால்தானே கருத்துச் சொல்ல முடியும்.

“வெளிய என் வீட்டுக்காரி இருக்கா” என்றார். “இத எப்படி நான் போய்ச் சொல்வேன்?”

ஹேமவர்ஷினி யோசித்தாள். யோசித்ததுபோல் இருந்தாள் என்பது சரியாக இருக்கும். அவள் விரல் ஏற்கெனவே அடுத்த பக்கத்தைத் திறந்திருந்தது.

“இன்னொரு வழி இருக்கு சார். திருத்தக் கருத்து. பழைய கருத்துக்கு மேலேயே நிக்கும். உங்க நிழலே எழுதும், உங்க நடையிலயே. மேடம் என்ன கேக்கறாங்களோ அது அதுல இருக்கும். நடந்தது எல்லாம் நிழலுக்குத் தெரியும்.”

“அதுக்கு எப்படித் தெரியும்?”

“டிவி ஓடறப்ப முன்னாடி யார் உக்காந்திருக்காங்க, என்ன பேசறாங்கன்னு கேட்டுக்கிட்டேதானே சார் இருக்கும். இல்லன்னா ரசனை எப்படிப் புடிபடும்? சம்மதம்னா இங்க ஒரு விரல்.”

கதவின் கண்ணாடி வழியே தில்லைக்கரசி தெரிந்தாள். அருவியாக இறங்கும் கருத்துகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நிழலுக்காக முதலில் கேட்டதும் இதே சம்மதம்தான். அப்போது அறவாழி ரெண்டு நாள் யோசித்தார். இப்போது யோசிக்கவில்லை.

*

எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் உச்சி வெயில். பேருந்து வரவில்லை. தில்லைக்கரசி தன் போனில் திருத்தக் கருத்தைப் படித்தாள். அறவாழி இன்னும் படிக்கவில்லை. அவள் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

“‘உப்பு வாசல் பற்றி என் பெயரில் வந்தது என் குரல் அல்ல’” என்று அவள் மெல்ல வாய்விட்டுப் படித்தாள். “‘நான் தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்கள். நான் நன்மாறனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் யாராவது அழுதால் அவன் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருட்டிக்கொண்டிருப்பான். தன் கண்ணை யாரும் பார்க்கக் கூடாதென்று குனிந்துகொள்வான். காட்சி மாறியதும் பேட்டரியைப் போட்டு, மூடியை எங்காவது விட்டுவிட்டு, பேட்டரி வீக்கு மாமா என்பான்.’”

அவள் நிறுத்தினாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் மூச்சு உள்ளே போய் மாட்டிக்கொள்வதை அறவாழி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“அந்த மூடி எங்க போச்சுன்னு நான் வீடெல்லாம் தேடியிருக்கேங்க” என்றாள். “எலி தூக்கிட்டுப் போச்சுன்னீங்க.”

“ஆமா. சொன்னேன்.”

“அதுக்கு நடுவுல இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?”

அவருக்கு அந்த மூடியைப் பற்றி எலியைத் தவிர எதுவும் தெரியாது.

“இதுவும் அதுவே எழுதினது இல்லையே? நீங்கதானே?” அவள் நேராகப் பார்த்துக் கேட்டாள். கேட்டது விசாரணை போல இல்லை. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சியது அந்த முகம்.

“நான்தான்” என்றார் அறவாழி.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

“சித்தப்பா கிட்ட நான் வரலன்னு சொல்லிடறேன்” என்றாள். “இனி அந்த வீட்ல அவனப் பத்திப் பேச உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? இன்னும் சொல்லுங்க. வேற என்ன பண்ணுவான்? நான் சமையல்கட்டுலயே கிடந்துட்டேன். நீங்கதான் தினம் அவன் பக்கத்துல உக்காந்திருந்தீங்க.”

உட்கார்ந்திருந்தது உண்மை. பொன்வளையத்துக்குள் தன் முகம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் நினைவைத் துழாவினார். ஓரத்தில் ஒரு பனியன், ஒரு முழங்கால், ‘மாமா, நகருங்க’ என்ற குரல். அதற்குமேல் ஒன்றும் அகப்படவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொள்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பி, போனை எடுத்தார். திருத்தக் கருத்தின் கீழே ‘மேலும்’ என்று இருந்தது. தொட்டார்.

“வில்லனுக்கு அம்மாவா ஒரு பொம்பள வருவாங்க இல்ல” என்று போனைப் பார்த்தபடி சொன்னார். “எந்தத் தொடரா இருந்தாலும் சரி. ‘பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்.”

“சொல்வான்” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். “ஆமாங்க, சொல்வான். அப்புறம்?”

மறுபடி தொட்டார். இந்த முறை உடனே வரவில்லை. ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. ‘உப்பு வாசல் இரண்டாம் பருவம் இன்று மாலை வெளியாகிறது. முதல் கருத்து தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சம்மதம் தந்தால் மேலும் வாசிக்கலாம்.’

“சொல்லுங்களேன்.”

அறவாழி சம்மதம் தந்தார். வரிகள் வந்தன. வந்ததை அப்படியே வாய் படித்துக்கொண்டு போனது. என்ன படிக்கிறோம் என்று மனசு பின்னால் ஓடிவந்தது.

“ஒருநாள் என் பக்கம் திரும்பி, ‘மாமா, நீங்க நெஜமாவே இதப் பாக்கறீங்களா?’ன்னு கேட்டான்.”

தில்லைக்கரசி அவர் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

அறவாழி திரையைக் கீழே தள்ளினார். அந்தக் கேள்விக்குப் பிறகு அதில் எதுவும் இல்லை. மீண்டும் ‘மேலும்’ தொட்டார். ‘இந்த இடத்தில் பதில் எதுவும் பதிவாகவில்லை’ என்று வந்தது. தில்லைக்கரசி அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.